ஜவ்வாது மலை அடிவாரம் – 11: மலாயாவிலிருந்து வந்த கடுதாசி

வந்த கடுதாசிகளைக் கம்பியில் குத்தி வைப்பது அந்தக் கால வழக்கம். கீழ்முனையில் வட்டமான மரக்கட்டை, மேல்முனையில் கொக்கி. படித்து முடித்ததைக் கொக்கி வழியாகக் குத்தி இறக்கிவிட்டு, கம்பியைத் தூணிலோ உத்திரத்திலோ மாட்டிவிடுவார்கள். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. கிஸ்தி ரசீது, கல்யாணப் பத்திரிகை, கடன் தீர்த்த நோட்டு எல்லாம் அதிலேயே கிடக்கும். சாவுச் செய்தி மட்டும் இருக்காது. அதைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் பதினைந்து, இருபது வருஷ வரவுசெலவும் நல்லது கெட்டதும் ஒரு முழக் கம்பிக்குள் அடங்கிவிடும்.

சென்ற அத்தியாயத்தில், 1882-ம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இந்த மலைக் காட்டைச் சர்க்கார் காடாக்கிய விதத்தைப் பார்த்தோம். இந்த அத்தியாயத்தில் மலையை விட்டு இறங்குகிறோம். போளூர், செங்கம், ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கத்து ஊர்களில் அந்தக் கம்பிகளில் ஏறிய கடுதாசிகளில் ஒரு வகையைப் பற்றித்தான் இப்போது பேச்சு. கடல் கடந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போன இளைஞர்கள் எழுதியவை. எழுதியவை என்பதைவிட எழுதச் சொன்னவை என்பதே சரி.

முதலில் அடிவாரத்தின் நிலைமை. மலைமேல் இருந்த மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் விதைத்து, விளைந்ததைத் தாங்களே உண்டார்கள். அடிவாரத்துச் செம்மண் பூமி வேறு வழியில் போயிருந்தது. வட ஆற்காடும் தென் ஆற்காடும் சென்னை மாகாணத்தின் மல்லாட்டைச் சீமை, அதாவது வேர்க்கடலைச் சீமை. பிரான்சில் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கு இந்தப் பக்கத்துக் கொட்டை கப்பலேறியது. விதைப்புக்கு முன்னாலேயே மண்டிக்காரரிடம் முன்பணம், அறுவடையில் அவர் சொன்ன விலைக்கு அளந்து கொடுப்பது என்று வருஷம் ஓடியது. நிலம் இருந்தவர் கதி இது. நிலம் இல்லாதவருக்கு, அதிலும் சேரிக்காரருக்கு, பண்ணையில் படிக்கூலிதான். காசைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். மலாயாவுக்குப் போன தமிழ்க் கூலிகளில் பெரும் பங்கு ஆதிதிராவிடர் என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. ஆள் திரட்டிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, சேலத்தோடு வட ஆற்காடும் முன்வரிசையில் இருந்தது.

திரட்ட வந்த கங்காணி முகம் தெரியாத ஆள் அல்ல. அதே தோட்டத்தில் பால் வெட்டி, துரையிடம் நல்ல பெயர் எடுத்து, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். பலருக்கு மாமன் முறை, சிற்றப்பன் முறை. கையில் கடிகாரமும் காலில் செருப்புமாக அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது. 1922-ல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்த பிறகு, கூட்டிப் போகும் ஆளுக்குக் கிராம முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டார் தடை சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சி. கப்பல் செலவைக் கூலி தலையில் கட்டக் கூடாது. தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி 1907-ல் தொடங்கிய இந்தியக் குடியேற்ற நிதி அதை ஏற்றது. ஆகவே சட்டப்படி பார்த்தால் கடனில்லாத மனிதனாகத்தான் அவன் கரை இறங்கினான். முந்தைய தலைமுறை ஒப்பந்தக் கூலி முறையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் தன் கீழ் வேலைக்கு நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தோட்டம் காசு கொடுத்தது. ஊரில் உறவுக்காரராக இருந்தவருக்கு அங்கே ஆள்தான் வருமானம்.

பயணம் ஆவடியில் தொடங்கும். மலாயா அரசாங்கம் கூலிகளைச் சேர்த்து அனுப்ப வைத்திருந்த இரண்டு டிப்போக்களில் ஒன்று ஆவடியில், மற்றது நாகப்பட்டினத்தில். ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டைப் பக்கத்து ஆள்களுக்கு ஆவடி நேர் ரயில். போளூர்க்காரர்கள் மீட்டர்கேஜ் வண்டியில் காட்பாடி வந்து மாற வேண்டும். டிப்போவில் டாக்டர் பார்ப்பார், அம்மை குத்துவார்கள், பேர் பதிவார்கள். பிறகு கப்பல். அந்தப் பாதையில் பேர்போன ரஜூலா 1926-ல் கட்டப்பட்டது. 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. சென்னையில் ஏறி, நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு சேர ஏறத்தாழ ஒரு வாரம். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் கொஞ்ச நாள் நோய்த் தடுப்புக் காவல். அதன் பிறகுதான் தோட்டம்.

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு. இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும், தோட்டக் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார். குளிர் இறங்கியிருக்கும்போதுதான் ரப்பர் மரம் பால் நன்றாக விடும். வெயில் ஏற ஏறப் பால் நின்றுவிடும். அதனால் ஓட்டமும் நடையுமாக ஒருவர் 300 மரத்துக்கு மேல் சீவ வேண்டும். உளியைச் சாய்வாக வைத்துப் பட்டையில் மெல்லிய இழை எடுக்கும் வேலை அது. ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம், கங்காணி வாயில் வசவு. நேற்றைய வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்து, வெட்டி, அடுத்த மரம். கடைசி மரம் முடிந்ததும் மறுபடி முதல் மரத்திலிருந்து வாளியோடு பால் எடுக்க வேண்டும். ஸ்டோரில் அளந்து ஊற்றி முடிக்கும்போது உச்சி தாண்டியிருக்கும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. மலாயாவில் மழைக்குப் பஞ்சமில்லை.

கூலி எவ்வளவு? 1920-களின் கடைசியில் முக்கியமான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்திருந்தார்கள். நூறு காசு ஒரு வெள்ளி. ஒரு வெள்ளி நம் பணத்தில் ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதாவது ஆணுக்குத் தினம் பன்னிரண்டணா. செங்கத்துப் பண்ணையில் படிக்கூலி வாங்கியவனுக்கு அது பெரிய தொகை. தோட்டக் கடையில் அரிசி, புளி, மிளகாய், மாத முடிவில் கடை பாக்கி, கள்ளு எல்லாம் போக மிஞ்சியதுதான் ஊருக்கு. போஸ்டாபீஸ் மணியார்டர் ஒரு வழி. செட்டியார் கடை உண்டியல் இன்னொரு வழி. ஊருக்குத் திரும்பும் ஆளிடம் முடிந்து கொடுப்பது மூன்றாவது வழி. மூன்றாவதில் பணம் போய்ச் சேர்வது அந்த ஆளின் மனசைப் பொறுத்தது.

பணம் எந்த வழியில் போனாலும் கூடவே ஒரு கடுதாசி போக வேண்டும். 1931-ம் வருஷக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தொடவில்லை. தோட்டக் கூலிகளில் இன்னும் குறைவு. ஆகவே கிராணியிடமோ, தோட்டப் பள்ளி வாத்தியாரிடமோ, கூலிக் குடியிருப்பான லயத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவரிடமோ போய் நிற்க வேண்டும். வேலையில்லாத நாளில் அவர் வீட்டு வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். பிள்ளையார் சுழி போட்டு, இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்குப் பதில் போடவும் என்று எழுதுகிறவரே ஆரம்பித்துவிடுவார். அது எல்லாருக்கும் பொது. ‘நிற்க’ என்று போட்ட பிறகுதான் சொல்லுகிறவனின் முறை. அனுப்பிய பணம் எவ்வளவு, அதில் வட்டிக்கு எவ்வளவு, மாடு வாங்கியாயிற்றா, தங்கச்சிக்கு இடம் வந்ததா, கூரை மாற்றினீர்களா.

இந்தக் கடுதாசியின் இயல்பை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே நாலு பேர் காதில் விழ அதைச் சொல்லியாக வேண்டும். இங்கே தபால்காரரோ கணக்குப்பிள்ளையோ திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பேர் காதில் விழப் படிப்பார். இரண்டு முனையிலும் அந்தரங்கம் கிடையாது. விலாசம் தகப்பனார் பேருக்குத்தான். கட்டி இரண்டு மாதத்தில் விட்டுவந்த மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால், ‘வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்பதற்குள் அதை மறைத்துவைக்க வேண்டும். கங்காணி அடித்தார் என்று எழுத முடியாது. எழுதுகிற கிராணி கங்காணிக்கு வேண்டியவர். மலைக்காய்ச்சலில் ஒரு மாதம் படுத்திருந்தேன் என்று எழுத மனம் வராது. கேட்டால் அம்மா அழுவாள். அதனால் அந்தக் கடுதாசிகளில் எல்லாரும் எப்போதும் க்ஷேமமாகவே இருந்தார்கள். உண்மை நிலையைச் சொன்னது பணத்தின் தொகை மட்டும்தான். போன தடவை பதினைந்து ரூபாய் வந்த இடத்தில் இந்தத் தடவை எட்டு வந்தால், வீட்டில் அதற்கு அர்த்தம் தெரியும்.

1930-ல் அந்தத் தொகை சுருங்கத் தொடங்கியது. காரணம் ஆவடியிலும் இல்லை, பினாங்கிலும் இல்லை. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1929-ல் அமெரிக்கா 53 லட்சம் மோட்டார் வண்டிகளைக் கட்டியிருந்தது. 1932-ல் கட்டியது 13 லட்சம்தான். வண்டி ஓடினால் டயர், டயருக்கு ரப்பர். மலாயா ரப்பருக்குப் பெரிய வாடிக்கை அமெரிக்காதான். 1925-ல் நியூயார்க்கில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு டாலருக்கு மேல் விற்றது; 1932-ன் நடுவில் மூன்று சென்டுக்கும் கீழே போனது. டெட்ராய்ட்டில் தொழிற்சாலைக் கதவு சாத்தினால் செங்கத்தில் ஒரு வீட்டு அடுப்பு அணையும் என்று அந்தக் காலத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

தோட்ட முதலாளிகள் கை வைத்த முதல் இடம் கூலி. 1930-லேயே ஆணுக்கு 50 காசு 40 ஆனது, பெண்ணுக்கு 40 காசு 32 ஆனது. 1932 வாக்கில் பல தோட்டங்களில் 30 காசுக்கும் கீழே இறங்கியது. இது வேலை கிடைத்த நாள் கணக்கு. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு, பாதி மரத்துக்கு மட்டும் வெட்டு என்று வந்தபோது மாதச் சம்பளம் இன்னும் கரைந்தது. குறைந்த கூலிக்குச் சம்மதமில்லாதவருக்கு ஒரே மாற்று, ஊருக்கு இலவச டிக்கெட். 1930 ஆகஸ்டில் இந்தியாவிலிருந்து நிதிச் செலவில் ஆள் எடுப்பதை மலாயா நிறுத்தியது. கூட்டிவருவதற்காக வைத்திருந்த அதே நிதியைக் கொண்டு திருப்பி அனுப்பத் தொடங்கியது. 1930 முதல் 1932 வரை அப்படி அனுப்பப்பட்ட இந்தியர் தொகை 2 லட்சத்தை நெருங்கியது. மிகப் பெரும்பாலோர் தமிழர். போனபோது தனியாகப் போனவர்கள் பலர் மனைவி, பிள்ளைகளோடு திரும்பினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஊர் புதிது.

திரும்பி வந்த ஊர் எப்படி இருந்தது? 1929-க்கும் 1933-க்கும் இடையில் நெல் விலை ஏறத்தாழப் பாதியானது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்குவார் இல்லாத அரிசி சென்னைத் துறைமுகத்தில் மலிந்து குவிந்தது. மல்லாட்டையும் அதே வேகத்தில் விழுந்தது; மார்செய் ஆலைகளும் அதே நோயில்தான் கிடந்தன. விளைச்சல் விலை பாதியானால் கிஸ்தி பாதியாகவில்லை, வட்டி பாதியாகவில்லை. 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறியது. வீட்டில் இருந்த ஒரே நல்ல விலைச் சரக்கு பெண்கள் கழுத்தில் இருந்தது. மாகாணம் முழுக்கக் கிராமத்து நகைகள் அடகுக் கடை வழியாக உருகி, பம்பாய் போய், லண்டனுக்குக் கப்பலேறின. மலாயாப் பணத்தில் வாங்கிய கம்மலும் அதில்தான் போயிருக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மணியார்டர் அனுப்ப வேண்டிய பிள்ளை, தானே ஒரு வாயாக வந்து நின்றான்.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1933 மார்ச்சில் பதவியேற்ற ரூஸ்வெல்ட், அந்த மாதக் கடைசியிலேயே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலையில்லாத வாலிபர்களைக் காட்டுக்கு அனுப்பி, முகாம் போட்டுத் தங்கவைத்து, மரம் நடவும், பாதை போடவும், காட்டுத் தீயை அணைக்கவும், மண் அரிப்பைத் தடுக்கவும் வேலை கொடுக்கும் திட்டம் அது. முதல் முகாம் ஏப்ரல் 17-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ஒரு காட்டில் திறந்தது. ஜூலைக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். 1942-ல் திட்டம் முடியும் வரை மொத்தம் சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தனர். 300 கோடி மரங்கள் நட்டார்கள் என்பது கணக்கு. சம்பளம் மாதம் 30 டாலர். அதில் 25 டாலரை அரசாங்கமே நேராக வீட்டுக்கு அனுப்பிவிடும். பையன் கைக்கு வருவது ஐந்து டாலர்தான். சாப்பாடும் உடுப்பும் வைத்தியமும் இலவசம். ராத்திரியில் வகுப்பு உண்டு. எழுத்து வாசனையே இல்லாமல் வந்த 40,000 பேருக்கு மேல் முகாமில் எழுதப் படிக்கக் கற்றார்கள். தங்கள் கையால் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். என்ன சாப்பாடு, எவ்வளவு குளிர், பக்கத்துக் கட்டில்காரன் எந்த ஊர், அம்மா நினைவாகவே இருக்கிறது என்றெல்லாம் அந்தப் பையன்கள் எழுதிய கடிதங்கள் இன்று அந்த நாட்டு ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன.

அந்தத் திட்டத்திலும் குறை உண்டு. கறுப்பின வாலிபர்களைத் தனி முகாமில் ஒதுக்கினார்கள். பெண்களுக்கு இடமே இல்லை. ஆனால் செவ்விந்தியருக்கென்று வைத்த பிரிவில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முகாமுக்குப் போகாமல் தங்கள் சொந்தப் பழங்குடி நிலத்திலேயே, தங்கள் காட்டிலும் மேய்ச்சலிலும் நீர்நிலையிலும் கூலி பெற்று வேலை செய்தார்கள்.

ஜவ்வாது மலையின் சரித்திரத்தை எழுதுகிறவனுக்கு இந்தச் செய்தி உறுத்தாமல் இருக்க முடியாது. அந்த 1930-களில் இந்த மலையில் காடு இருந்தது. பல பத்தாண்டுகளாக ரயில் தண்டவாளக் கட்டைக்கும் விறகுக்கும் வெட்டி மெலிந்த சரிவுகளும் இருந்தன. அடிவாரத்தில் வேலையில்லாத ஆள்கள் இருந்தார்கள். மலாயாவில் மரத்தோடு பழகித் திரும்பியவர்களும் அவர்களில் உண்டு. காட்டை நிர்வகிக்க ஒரு துறை, சட்டம், ரேஞ்சர், கார்டு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இவற்றையெல்லாம் ஒன்று சேர்க்கும் எண்ணம் அந்த அரசாங்கத்துக்கு வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. வனத்துறையின் பார்வையில் அடிவாரத்து ஏழை காட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டிய ஆள். ஆடு ஓட்டி வந்தால் அபராதம், சந்தனக் கட்டை வைத்திருந்தால் வழக்கு. காடு சர்க்காருக்கு வருமானம். அந்த வருமானத்தின் ஒரு பங்கை அதன் நிழலில் பட்டினி கிடந்தவனுக்குக் கூலியாகத் திருப்பலாம் என்று நினைக்க, அவனைத் தன் குடிமகன் என்று நினைக்கும் அரசாங்கம் வேண்டும். அமெரிக்கப் பையனுக்கும் நம் பையனுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் டாலருக்கும் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் அல்ல. அவனுக்கு வேலை போனபோது அவன் அரசாங்கம் ஒரு முகாமைத் திறந்தது. இவனுக்கு வேலை போனபோது இரண்டு அரசாங்கங்கள் சேர்ந்து இவனை ஒரு துறையில் ஏற்றி இன்னொரு துறையில் இறக்கிவிட்டன. அதோடு பொறுப்பு தீர்ந்தது.

அந்தப் பஞ்ச காலத்தில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கூலிகளுக்கு வேலை கொடுத்த பெரிய கட்டுமானம் மேட்டூர் அணை. 1925-ல் தொடங்கிய வேலை. பொருளாதார மந்தத்தைப் போக்க வந்த திட்டம் அல்ல. காவிரிப் பாசனத்துக்காக அதற்கு முன்பே முடிவானது. 1934 ஆகஸ்டில் அணை திறந்ததும் அந்தக் கூலியும் நின்றது.

1934-ல் ரப்பர் விளைவிக்கும் நாடுகள் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்துகொண்டன. விலை மெல்ல ஏறியது. கங்காணிகள் மறுபடி திண்ணைகளில் உட்கார்ந்தார்கள். ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டவர்களே மறுபடி கப்பலேறினார்கள். ஆவடி டிப்போ மீண்டும் நிறைந்தது. ஆனால் கூலி ஏறியது ரப்பர் விலையைப் போல அல்ல. அது முதலாளிகள் மனசு வைத்தபோது.

இந்த இடைக்காலத்தில் மலாயாத் தமிழரிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. கோலாலம்பூரில் 1924 முதல் தமிழ் நேசன் வந்துகொண்டிருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து, மறு மாதம் வரை ஊர் ஊராகப் பேசினார். 1935-ல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். லயத்தில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வீட்டுக் கடுதாசியில் எழுத முடியாததைப் பத்திரிகை சொன்னது. கோலாலம்பூரில் இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு அலுவலகம் இருந்தது; அங்கே மனுக்கள் போயின. அந்த ஏஜெண்டின் ஆண்டறிக்கைகளில் கூலி, லயம், கள்ளுக்கடை, திரும்பியவர் தொகை எல்லாம் பதிவாகியிருக்கின்றன. க்ஷேமம் என்று மட்டும் சொன்ன கடுதாசிகளுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையை இன்று நாம் ஓரளவு காண முடிவது அவற்றால்தான்.

1936 டிசம்பரில் இந்திய அரசாங்கம் சீனிவாச சாஸ்திரியாரை மலாயாவுக்கு அனுப்பியது. கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில் பிறந்தவர், ஆங்கிலப் பேச்சில் உலகப் புகழ் பெற்றவர். மறு ஆண்டு வந்த அவருடைய அறிக்கை, கூலியைப் பழைய 50, 40 காசுக்கே கொண்டுவர வேண்டும் என்றது. கங்காணி மூலம் ஆள் எடுப்பதை நிறுத்த வேண்டும் என்றது. அறிக்கை மென்மையாக இருக்கிறது என்று அப்போதே பலர் குறைபட்டார்கள். என் கருத்தும் அதுதான். ஒப்பந்தக் கூலி காலத்தோடு ஒப்பிட்டுத் திருப்திப்படும் மனிதர் எழுதியது அது. லயத்தில் குடியிருப்பவன் எழுதினால் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனாலும் கூலி ஏறியது.

ஏறியது ஒரு வருஷம் நிலைத்தது. 1938-ல் ரப்பர் விலை மறுபடி தளர, அந்த மே மாதம் கூலியை 45, 35 காசாக வெட்டினார்கள். இந்தத் தடவை இந்திய அரசாங்கம் பொறுத்துப் போகவில்லை. சென்னையில் அப்போது ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை. மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். 1938 ஜூன் 15 முதல் உதவிப் பயணத்தில் மலாயாவுக்குக் கூலிகள் போவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி ஆள் திரட்டுவது அன்றோடு முடிந்தது. அதே வருஷம் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டமும் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டியை அது அடியோடு தள்ளுபடி செய்தது. எந்த வட்டியைக் கட்டுவதற்காகப் பிள்ளையைக் கப்பலேற்றினார்களோ, அந்த வட்டி ஒரு கையெழுத்தில் இல்லாமல் போயிற்று. பத்து வருஷம் முன்னால் அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால் எத்தனை பேர் ஊரிலேயே இருந்திருப்பார்கள்!

தடை வந்ததால் புதிதாக யாரும் போகவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் இருந்தார்கள். ஐரோப்பாவில் சண்டை மூண்டு ரப்பருக்குக் கிராக்கி கூடிய 1941-ல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. தலைவர்களில் ஒருவரான ஆர்.எச்.நாதன் தமிழ் நேசனில் வேலை பார்த்தவர். அவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். மே மாதத்தில் பட்டாளம் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அந்த டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தபாருவில் கரை இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் இடையில் தபால், மணியார்டர், கப்பல் எல்லாம் ஒரே நாளில் அறுந்ததுபோல் நின்றன. மூன்றரை வருஷம் ஒரு வரி கூட வரவில்லை. அடிவாரத்து வீடுகளில் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் கோயிலுக்கு முடிந்துவைத்தார்கள், ஜோசியரிடம் போனார்கள். அந்த மூன்றரை வருஷத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றி, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.